சூடான நிலையில், சமதளத்தில்

எங்கள் காரின் கையேட்டில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் சொல்வது இது: கியர் ஆயிலின் அளவைப் பார்க்க வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். எஞ்சின் நன்கு சூடேறி இருக்க வேண்டும். அது ஓடிக்கொண்டும் இருக்க வேண்டும். அளவுக்கம்பியை உருவி, நூல் உதிராத துணியால் துடைத்து, திரும்பச் செருகி, திரும்ப உருவ வேண்டும். எண்ணெய் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

தெளிவான விதி. முப்பத்தாறு ஆண்டுகள் வருவாய்த் துறையில் கோப்பு எழுதியவன் என்ற முறையில் இதைப் பாராட்டுகிறேன். ஓடாமல் நின்றுவிட்ட வண்டிக்கு இந்த விதியால் எந்தப் பயனும் இல்லை என்பது ஒன்றுதான் குறை. வண்டி நின்ற பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

இடது முழங்கால் கிளட்சை மிதிக்க மறுத்த பிறகு, ஒரு டாக்டரிடமிருந்து வாங்கிய பழைய ஆட்டோமேட்டிக் கார் அது. பதினெட்டு வயது. வாங்கியபோது கோவிலுக்கும் கடைக்கும் போய்வரத்தான் நினைத்தோம். இரண்டு வருடத்தில் என் மனைவியின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை விட்டன. அதன் பிறகு காருக்கும் எனக்கும் ஒரே வேலைதான். திங்கள், புதன், வெள்ளி காலை பத்தேகாலுக்குத் திருநகரில் கிளம்பி, பழங்காநத்தம் வழியாக பைபாஸ் பிடித்து, திண்டுக்கல் சாலையில் பரவையைத் தாண்டி இருக்கும் மருத்துவமனைக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பதினொன்றரைக்கு அவளுக்கு டயாலிசிஸ் படுக்கை. அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் படுக்கை காத்திருப்பவருக்குப் போகும் என்று அந்தப் பிரிவின் கதவில் ஒட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே அடிக்கோடு வேறு.

தவறினால் என்ன ஆகும் என்று ஆரம்பத்திலேயே டாக்டரிடம் கேட்டேன். வெளியே போக வேண்டிய தண்ணீர் போக வழியில்லாமல் நுரையீரலில் சேரும் என்றார். மூழ்குவது மாதிரிதான் என்றார். கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து எனக்கு அந்தச் சாலை சாலையாகத் தெரியவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் பழங்காநத்தம் ரவுண்டானாவில் கார் முதல் முறை நின்றது. ஒரு இருமல், ஒரு குலுக்கல், பிறகு மௌனம். ஏ.சி. நின்ற கணத்தில் வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. பின்னால் இருந்த ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தியபடியே கத்தினார்.

"யோவ் பெருசு, வீட்டுத் திண்ணைனு நெனச்சியா? ஓரங்கட்டுய்யா!"

"வண்டி நின்னுபோச்சுப்பா" என்றேன்.

"அதான் தெரியுதே! பறக்குதுன்னா நான் சொன்னேன்?"

திட்டிக்கொண்டே இறங்கிவந்து அவரே தள்ளிவிட்டார். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல் கார் கிளம்பியது. அன்று பதினொன்று ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். பத்து நிமிடம் மிச்சம். என் சட்டை முழுக்க நனைந்திருந்தது. மனைவி, "வேர்வைய நீங்க விடுறீங்க, தண்ணி சேருறது எனக்கு" என்றாள்.

மறுநாள் பழங்காநத்தத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். பானெட்டைத் திறந்து, கையை வைத்து, உடனே எடுத்துக்கொண்டார்.

"வெயிலு சார். பெட்ரோலு பைப்புக்குள்ளயே கொதிச்சு ஆவியாயிருது. மறுபடி நின்னா இந்தா, இந்தப் பைப்பு மேல ஈரத் துணியப் போடுங்க. ஆறுனதும் கெளம்பிரும்."

"கையேட்டுல அப்படி எதுவும் இல்லையே?"

"கையேடு எழுதுனவன் மதுரை வெயில்ல நின்னு எழுதியிருக்க மாட்டான் சார்." அந்தப் பைப்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பிறகு கியர் ஆயில் கம்பியை உருவி முகர்ந்தார். "இதுவும் கருத்துக் கெடக்கு. செவப்பா இருக்கணும். லேசாக் கருகுன வாடை அடிக்குது பாருங்க."

முகர்ந்தேன். அடித்தது. அந்த வாடை அதற்குப் பிறகு என் மூக்கை விட்டுப் போகவே இல்லை.

நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஏப்ரல் மாதத்தில் டை கட்டியிருந்த ஓர் இளைஞர், கியர் ஆயில் சீல் வைத்தது, வாழ்நாள் முழுக்கப் பார்க்கத் தேவையில்லை என்றார்.

"பாக்கத் தேவையில்லைனா கம்பி எதுக்குத் தம்பி வச்சிருக்கீங்க?"

"அது பழைய மாடல்லதான் சார் இருக்கும்."

"இது பழைய மாடல்தான்."

"அதத்தான் சார் நானும் சொல்றேன்."

வாழ்நாள் என்பது யாருடையது, என்னுடையதா வண்டியுடையதா என்று கேட்கலாம் என்று நினைத்தேன். பக்கத்து இருக்கையில் யாரை ஏற்றிக்கொண்டு போகிறேன் என்பது நினைவுக்கு வர, கேட்கவில்லை.

அன்று மாலையே நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். நான்கு கேள்விகள். கியர் ஆயிலைப் பார்க்க வேண்டுமா, வேண்டாமா? கருத்துப்போன ஆயிலை மாற்ற எந்த ஆயில்? வெயிலில் எஞ்சின் நிற்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? நான்காவதுதான் நான் உண்மையில் கேட்க விரும்பியது: இந்த வாகனம் வாரம் மூன்று முறை ஒரு நோயாளியைச் சிகிச்சைக்குக் கொண்டுசெல்கிறது, தங்கள் பதில் வரும்வரை இதை ஓட்டலாமா? ஒப்புதல் அட்டை ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார். அதோடு சரி.

டாக்ஸி வைத்துக்கொள்ளக்கூடாதா என்று யாரும் கேட்பார்கள். வைத்துப் பார்த்தோம். மருத்துவமனை வழி என்றதும் இரண்டு பேர் ரத்து செய்தார்கள். மூன்றாமவர் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. சிகிச்சை முடிந்து திரும்பும்போது அவளுக்கு ரத்த அழுத்தம் விழும், இருக்கையைச் சாய்த்துப் படுக்க வேண்டும், பையில் வாந்தி எடுக்க வேண்டும். நம் கார் என்றால் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

அதனால் ஓட்டினேன். தினமும் காலையில் எஞ்சினை ஓடவிட்டு, விதிப்படி கம்பியை உருவி, இரண்டு கோடுகளுக்கு நடுவில் கருப்பு எண்ணெயைப் பார்த்தேன். அளவு சரியாகவே இருந்தது. அது சரியாக இருக்க இருக்க என் பயம் கூடியது. வழியில் எங்கெங்கே நிழல் இருக்கிறது என்று மனப்பாடம் செய்தேன்: பைபாஸில் ஒரு பெட்ரோல் பங்க், விளாங்குடியில் ஒரு வேப்பமரம், பரவை மார்க்கெட் வாசலில் தகரக் கொட்டகை. பரவை தாண்டினால் இரண்டு பக்கமும் நிழலில்லாத பொட்டல் காடு. அங்கே மட்டும் என் கால் தானாகவே ஆக்சிலரேட்டரை அழுத்தியது. கோடையில் டேங்கை நிரப்பினால் வெடித்துவிடும் என்று வருடாவருடம் செல்பேசியில் ஒரு செய்தி வரும். அது பொய் என்று எத்தனையோ பேருக்கு விளக்கிச் சொன்னவன் நான். அந்த மே மாதம் அரை டேங்குக்கு மேல் நான் பெட்ரோல் போடவில்லை.

வெள்ளிக்கிழமை பூஜையையும் விடவில்லை. முன்பு அவள் செய்தது. முடியாமல் போனபின் நான் எடுத்துக்கொண்டேன். கிளம்பும் முன் ஊதுபத்தி காட்டி, ஸ்டியரிங், பானெட், டிக்கி, பெட்ரோல் ஊற்றும் இடம் என்று நான்கு இடத்தில் சந்தனமும் குங்குமமும். இரண்டு வருடத்தில் ஒரு வெள்ளி தவறியதில்லை. கார் நிற்கத் தொடங்கிய பிறகு சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

கத்திரி வெயில் தொடங்கிய பிறகு வந்த திங்கள். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி என்பதால் திங்கட்கிழமைகளே மோசம். அதிலும் ஞாயிறன்று ஒரு கல்யாண வீடு. சாம்பாரும் அப்பளமும் தொடவே இல்லை என்று அவள் சாதித்தாள். காலையில் செருப்பு வார் பாதத்தைச் சுற்றி வரவில்லை. காரில் ஏறியதும் இருக்கையைச் சாய்க்க வேண்டாம், நிமிர்த்தியே வையுங்கள் என்றாள். படுத்தால் மூச்சு வரவில்லை. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

பரவை மார்க்கெட்டைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் கார் இருமியது.

வேண்டாம் என்று சத்தமாகவே சொன்னேன். காரிடம் சொன்னேனா வேறு யாரிடமா, தெரியாது. அது இன்னொரு முறை இருமி, ஓரத்துக்கு உருண்டு நின்றது. மணி பதினொன்று இருபது.

செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்தேன். அபாய விளக்கு. முக்கோணப் பலகையை எடுத்துக்கொண்டு நாற்பது தப்படி பின்னால் போய் வைத்தேன். மருத்துவமனைக்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வெளியே போயிருக்கிறது, முக்கால் மணி நேரமாவது ஆகும் என்றார்கள். டாக்ஸி செயலியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கை காட்டினேன். கார்கள் காற்றை வீசிவிட்டுப் போயின. தார்ச்சாலை தூரத்தில் தண்ணீர் போல நெளிந்தது. அவளுக்குத் தரக்கூடாத தண்ணீர்தான் எங்கும் தெரிந்தது. அவள் நாளுக்கு முக்கால் லிட்டருக்கு மேல் குடிக்கக்கூடாது. அந்த வெயிலில் தாகமென்று கேட்டால்கூட நாக்கை நனைக்கலாம், அவ்வளவுதான்.

பாட்டிலில் கால் பங்கு தண்ணீர் இருந்தது. ஒரு துண்டு இருந்தது. பானெட்டைத் திறந்தேன். சாக்பீஸ் கோடு அழியாமல் இருந்தது. துண்டை நனைத்து அந்தப் பைப்பின் மேல் சுற்றினேன். சுர்ரென்றது. பாட்டில் காலியானது. நிமிர்ந்தபோது பக்கக் கண்ணாடி வழியாக அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"ஏங்க" என்றாள். மூச்சு வாங்கினாள். "அது… எனக்கா… காருக்கா?"

துண்டைப் பிடுங்கினேன். அதில் எண்ணெயும் பெட்ரோலும் நாறின. அதை அவள் முகத்தில் வைக்க முடியாது. பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையில் விழுந்த நாலு சொட்டை அவள் நெற்றியில் தடவினேன். அவ்வளவுதான் இருந்தது. அவள் மார்பு மேலும் கீழும் போவதை எண்ண ஆரம்பித்தேன். எண்ணிக்கை முப்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். கம்பியை உருவிப் பார்க்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடவில்லை. கையேட்டில் அதற்கு மேல் பக்கம் இல்லை.

அப்போது மார்க்கெட்டிலிருந்து காலிக் கூடைகளோடு திரும்பிய ஒரு ‘குட்டி யானை’ சரக்கு வண்டி எங்களைத் தாண்டிப் போய், நின்று, பின்னோக்கி வந்தது. ஓட்டியவர் நாற்பது வயதுக்காரர், தலையில் துண்டு. பக்கத்தில் கூடவே ஒருவர்.

"என்னாண்ணே, நட்டநடு வெயில்ல வத்தல் காயப் போட்டிருக்கீகளா?" என்று கேட்டபடி இறங்கியவர், உள்ளே அவளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "அம்மாவுக்கு என்னா?"

"டயாலிசிஸ். பன்னெண்டு மணிக்குள்ள போகணும்."

"எம்புட்டு தூரம் ஓடி நின்னுச்சு?"

"திருநகர்ல இருந்து வாரோம்."

"நின்னப்புறம் கொஞ்ச நேரம் விட்டா கெளம்புதா?"

"போன தடவ கெளம்புச்சு. பெட்ரோல் ஆவியாகுதுன்னு மெக்கானிக் சொன்னாரு. கியர் ஆயிலும்…"

"பெட்ரோல் மூடியத் தொறந்தீகளா?"

"பெட்ரோல் இருக்குப்பா. அரை டேங்க்."

"இருக்கானு கேக்கலண்ணே. தொறந்தீகளானு கேட்டேன்."

அவரே போய் வெளித்தகட்டைத் திறந்தார். உள்ளே மூடியைப் பார்த்து நின்றார். "மாப்ள, இங்கிட்டு வா. வந்து பாரு."

மூடியைத் திருகினார். உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம், வெளியிலிருந்து உள்ளே காற்றை யாரோ உறிஞ்சியது போல. மூடியின் முகம் முழுக்க மஞ்சள் நிறத்தில் சிமெண்ட் பூசியது போல் காய்ந்திருந்தது. நூறு வெள்ளிக்கிழமைகளின் சந்தனம்.

"என்னாண்ணே இம்புட்டு சந்தனம்? காருக்குக் கல்யாணமா?"

"மூச்சு விட ஒரு ஓட்டை வச்சிருப்பாய்ங்க மாப்ள" என்றார் கூட வந்தவர். "அதையே மெழுகிவிட்டாக."

காரை விற்ற டாக்டர் அசல் மூடியைத் தொலைத்துவிட்டு, கடையில் வாங்கி மாட்டிய மூடி அது. நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்தத் துளை வழியாக டேங்குக்குள் காற்றுப் போக வேண்டும். போகாவிட்டால் டேங்க் பெட்ரோலை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மற்ற மாதங்களில் ஈரத்தில் இளகி உதிர்ந்துகொண்டிருந்த சந்தனத்தை இந்தக் கோடை சுட்டுக் கல்லாக்கியிருந்தது. இதெல்லாம் வண்டிக்காரர் மூன்றே வார்த்தையில் சொன்னது: "அதுக்கும் மூச்சு முட்டுதுண்ணே."

குத்துவதற்கு ஏதாவது கேட்டார். என்னிடம் பேனா இருந்தது, முனை பெரிது. கண்ணாடி வழியாக ஒரு கை நீண்டது. தாலிக் கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி அவள் நீட்டினாள்.

சுரண்டி, குத்தி, ஊதி, மூடியைத் தளர்வாகவே மாட்டினார். "இப்பப் போடுங்க." சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. "நான் பின்னாடியே வாரேன். நின்னா நம்ம வண்டில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருவோம். வெரசாப் போங்கண்ணே!"

கண்ணாடியில் அந்த வண்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். மருத்துவமனை வாசலில் நான் இறங்குவதற்குள் அவர்கள் இருவரும் அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

மணி பன்னிரண்டு ஐந்து. படுக்கையில் வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் படுத்திருந்தார். இன்னும் ஊசி குத்தவில்லை. விதி எனக்குத் தெரியும், அடிக்கோடும் தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த விவசாயியின் மனைவிதான் எழுந்தாள்.

"அவுக மூச்சப் பாருங்க. ஏங்க, எந்திரிங்க நீங்க. காலைல ரெண்டு சொம்பு மோரக் குடிச்சுப்புட்டு நல்லாத்தான இருக்கீக?"

"மோரச் சொல்லாதடி, டாக்டர் கேட்டுக்கிட்டு இருக்காரு" என்று முனகியபடி அவர் எழுந்தார். நர்ஸ் கதவில் இருந்த காகிதத்தைப் பார்க்கவில்லை. ஆக்ஸிஜனை மாட்டினார்.

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு மாதத்துக்கும் மேலாகக் கருப்பு எண்ணெயை முகர்ந்துகொண்டிருந்தேன். சூரியனைக் குற்றம் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். வெள்ளிதோறும் அவளுடைய நலனுக்காக என்று வேண்டிக்கொண்டே, என் விரலால், ஒரு துளையை மூடிவந்திருக்கிறேன். எத்தனை பக்தியோடு வேண்டியிருந்தால் என்ன.

நான்கு மணிக்கு அவளை வெளியே கொண்டுவந்தபோது முகத்தில் நிறம் வந்திருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"இன்னும் அரை மணி ஆகியிருந்தா சிரமம்னாரு. அத விடுங்க. உள் மூடில பொட்டு வைக்க யாரு சொன்னது?"

"நீதான வச்சுக்கிட்டு இருந்த?"

"நான் வெளித்தகட்டுல வைப்பேன். தகட்டத் தொறந்து உள்ள எவன் வைப்பான்?"

"வெளிய வச்சா பெயிண்டுல கறை விழுது."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடிவந்து அதட்டும்வரை நிற்கவில்லை. "கம்பெனிக்கு வெயில்னு எழுதியிருக்கீங்கல்ல" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என் புருசன்னு மாத்தி எழுதுங்க."

முறைப்படி அப்படித்தான் செய்திருக்க வேண்டும். முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகத் துணைக் கடிதம் ஒன்று அனுப்ப வேண்டும். நான் அனுப்பவில்லை. வெட்கம் ஒரு காரணம். இன்னொன்று, அந்த நான்காவது கேள்விக்குப் பதில் எனக்கு இன்னும் தேவைப்பட்டது. புது மூடி போட்டேன், கியர் ஆயிலை மாற்றி அது சிவப்பாகவும் ஆனது, கார் அதற்குப் பிறகு ஒரு முறைகூட நிற்கவில்லை. பயம் மட்டும் மாறவில்லை. பரவை தாண்டியதும் என் காது எஞ்சினைக் கேட்காது. அவள் மூச்சைக் கேட்கும். அவள் தூங்கிவிட்டால் ரேடியோவை நிறுத்திவிடுவேன்.

"எதுக்கு நிப்பாட்டுறீங்க? நான் தூங்கல" என்பாள் கண்ணைத் திறக்காமலே. அது தெரிந்தால் போதும் எனக்கு. மறுபடி ரேடியோவைப் போடுவேன்.

பதில் ஒரு புதன்கிழமை காலை, நாங்கள் கிளம்பும் நேரத்தில் வந்தது. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. அவள் ஏற்கெனவே காரில் ஏறி பெல்ட் போட்டிருந்தாள். தபால்காரர் நீட்டிய அட்டையில் கையெழுத்திட்டு, நின்றபடியே உறையைக் கிழித்தேன். கியர் ஆயில் சீல் வைக்கப்பட்டது, பார்க்கத் தேவையில்லை. ஐயம் இருப்பின் அருகிலுள்ள சர்வீஸ் சென்டரை அணுகவும். நான்காவது கேள்விக்கு மட்டும் தனிப் பத்தி: முழுமையான ஆய்வு முடியும்வரை, குறிப்பாக வெப்பமான நேரங்களில், வாகனத்தை இயக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

"என்ன போட்டிருக்கான்?" என்றாள் உள்ளேயிருந்து.

"ஓட்ட வேண்டாமாம்."

"சரி. ஏறுங்க, மணி பத்தேகால் ஆச்சு."

ஸ்டியரிங் மேல் வைத்தே கடிதத்தின் இடது ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்: வரப்பெற்ற நாள், அக்டோபர் பதினெட்டு.